சுத்தியும் சாணையும்: ஃபைனல் ஃபேண்டசி 14-இல் பொற்கொல்லர் வேலை பழகும் வழி

ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற இணைய விளையாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல மோதிரத்தை நான் கடையில் வாங்கவில்லை, டன்ஜன் என்னும் சண்டைக் களத்தில் போராடியும் எடுக்கவில்லை. கூட விளையாடிக்கொண்டிருந்த ஓர் அக்கா, என் கதாபாத்திரம் காதிலும் கழுத்திலும் ஒன்றுமே இல்லாமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இரு தம்பி, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். மோதிரம் கைக்கு வந்ததும் அதன் மேல் மவுஸை வைத்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் முடிந்து கடைசி வரியில் அவருடைய பெயர். இந்த விளையாட்டில் ஒருவர் கையால் செய்த அணிகலனில் செய்தவர் பெயர் கூடவே வரும், அது யார் கைக்குப் போனாலும். அன்றைக்கே கோல்ட்ஸ்மித் கில்டு, அதாவது பொற்கொல்லர் சங்கம், எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

அதனால் இந்தக் கட்டுரை இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்கு. ஃபைனல் ஃபேண்டசி 14-இல் கைத்தொழில்கள் எட்டு: தச்சு, கொல்லு, கவசம், பொன், தோல், நெசவு, ரசவாதம், சமையல். எட்டும் நல்லவைதான். ஆனாலும் புதிதாக ஒன்றை மட்டும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பொன் வேலையை எடுங்கள் என்று சொல்வேன். காரணம் எளிது. கவசக்காரர் செய்யும் இரும்புச் சட்டையை மந்திரவாதி போட முடியாது, நெசவாளர் செய்யும் அங்கியை வாள் வீரன் போட மாட்டான். காது, கழுத்து, மணிக்கட்டு, இரண்டு விரல் என்று இந்த ஐந்து இடம் எல்லாருக்கும் உண்டு. சண்டை போடுகிறவருக்கும் உண்டு, மண் வெட்டுகிறவருக்கும் மீன் பிடிக்கிறவருக்கும் உண்டு. அந்த ஐந்து இடத்துக்கும் பெரும்பாலான நகைகள் கோல்ட்ஸ்மித் கையிலிருந்துதான் வருகின்றன. சில தோல் பட்டைகளும் மர வளையல்களும் வேறு தொழில்காரர்களிடமிருந்து வரும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், நம் ஊர் இணையத்தில் விளையாடுகிறவர்களுக்கு முக்கியமானது. சண்டையில் பிங், அதாவது இணையத்தின் தாமதம், அதிகமாக இருந்தால் தரையில் சிவப்பு வட்டம் விழுவதைப் பார்த்து நகர்ந்த பிறகும் அடி வாங்குவோம். கிராஃப்டிங்கில் அந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு தட்டும் ஒரு முறை, நேரக் கெடு இல்லை. ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்து அடுத்த தட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பணம் கட்டும் முன்

முதலில் இலவச டிரயலில் ஆரம்பியுங்கள். நாள் கணக்கு கிடையாது, லெவல் 70 வரை எல்லாத் தொழிலையும் ஏற்றலாம், முதல் விளையாட்டுடன் ஹெவன்ஸ்வார்டு, ஸ்டார்ம்பிளட் என்ற இரண்டு விரிவாக்கங்களும் அதிலேயே அடக்கம். கட்டுப்பாடுகளும் உண்டு. மார்க்கெட் போர்டை, அதாவது விளையாடுகிறவர்கள் வாங்கி விற்கும் சந்தையை, தொட முடியாது, மற்றவர்களோடு பொருள் மாற்றிக்கொள்ள முடியாது, கையில் 3,00,000 கில் காசுக்கு மேல் சேராது. இதைக் கேட்டதும் பலர் "அப்போ கிராஃப்டிங் எதுக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. சந்தையில் வாங்க வழியில்லாதவருக்குத்தான் தன் கையால் செய்துகொள்ளத் தெரிவது மிகவும் உதவும். டிரயலில் இருப்பவர் லெவலுக்குத் தகுந்த தோடும் வளையலும் தானே செய்து போட்டுக்கொள்ளலாம், மற்றவர்கள் டன்ஜனில் எது விழும் என்று காத்துக்கொண்டிருக்கும்போது.

ஒரே ஓர் எச்சரிக்கை. டிரயல் கணக்கைப் பணம் கட்டி முழுக் கணக்காக மாற்றிவிட்டால் திரும்பி டிரயலுக்கு வர முடியாது. அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

உல்டாவுக்குப் போவது

கோல்ட்ஸ்மித் கில்டு இருப்பது உல்டா என்ற பாலைவன நகரத்தில். வியாபாரிகளின் ஊர், காசு பேசும் ஊர், அதனால் நகை வேலை அங்கே இருப்பது பொருத்தம்தான். கதாபாத்திரத்தை உருவாக்கும்போதே கிளாடியேட்டர், பியூஜிலிஸ்ட், தாமடர்ஜ் மூன்றில் ஒன்றை எடுத்தால் நேராக உல்டாவில் இறங்குவீர்கள். வேறு ஊரில் ஆரம்பித்திருந்தாலும் பரவாயில்லை, முக்கியக் கதையில் லெவல் 15 பக்கம் வரும்போது வான்கப்பல் கிடைக்கும், அதில் ஏறி வந்துவிடலாம். இரண்டு வழியிலும் உங்கள் முதல் சண்டைத் தொழிலின் லெவல் 10 க்வெஸ்ட்டை, அதாவது அங்கே கொடுக்கும் பணியை, முடித்திருக்க வேண்டும். அதற்கு முன் எந்தக் கில்டும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

கில்டின் வரவேற்பில் பேசினால் சேர்த்துக்கொள்வார்கள், அப்புறம் உள்ளே கில்டுமாஸ்டரைப் பார்க்க அனுப்புவார்கள். அவர் பெயர் செரண்டிபிட்டி. எதிர்பாராமல் கிட்டும் நல்லதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. அதன் வேர் செரண்டிப், இலங்கைக்குப் பாரசீகர் வழங்கிய பழைய பெயர். இரத்தினபுரி என்று ஓர் ஊரையே வைத்திருக்கும் தீவின் பெயர் ஒரு நகைக் கில்டின் தலைவிக்கு வந்திருக்கிறது. விளையாட்டைச் செய்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்களா என்பதல்ல விஷயம், எனக்கு அது பிடித்திருக்கிறது.

சேர்ந்ததும் ஒரு பழைய சுத்தியல் தருவார்கள். அதை முதன்மைக் கையில் மாட்டினால்தான் நீங்கள் கோல்ட்ஸ்மித். இந்த விளையாட்டில் கருவிதான் தொழில், வாளை மாட்டினால் வீரன், சுத்தியலை மாட்டினால் பத்தர். மாட்டியவுடன் லெவல் 1-க்குப் போய்விடுவதால் உடம்பில் இருந்த சண்டை உடைகள் கழன்றுவிடும், பதற வேண்டாம், எல்லாம் பெட்டியில் இருக்கும். கேரக்டர் பக்கத்தில் கியர்செட் பட்டியல் இருக்கிறது, சண்டைக்கு ஒன்றும் சுத்தியலுக்கு ஒன்றுமாக உடனே சேமித்து வையுங்கள். பிறகு ஒரே கிளிக்கில் மாறலாம்.

அந்தச் சுத்தியலை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை அது. தகட்டின் மேல் சின்ன உளியை வைத்து, உளித் தலையில் மெதுவாகத் தட்டித் தட்டிப் பூவும் கொடியும் எழுப்புகிற சித்திர வேலைச் சுத்தியல். நிஜத்தில் அதன் முகம் அகலமாக இருக்கும், கைப்பிடி கழுத்தில் மெலிந்து அடியில் உருண்டு இருக்கும், கை வலிக்காமல் நூற்றுக்கணக்கில் தட்டுவதற்காக. இரண்டாம் கருவியாகப் பின்னால் ஒரு சாணைச் சக்கரம் கிடைக்கும், கல் தீட்ட. எங்கள் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். உமியோட்டில் நெருப்பு, வாயில் ஊதுகுழல், மடியில் துணி விரித்திருப்பார், ராவும் தூள் ஒன்றுகூடக் கீழே போகக் கூடாது என்று. ஆச்சியின் தோட்டுக்குத் திருகு போட அம்மா என்னை அனுப்பும்போதெல்லாம் வேலை முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விளையாட்டில் சுத்தியல் தகட்டில் விழும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டபோது எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

செம்பு, அதற்கு மேல் மண்வெட்டி

முதல் சில லெவல்கள் செம்புதான். செம்புத் தாதுவை உருக்கி இங்காட் என்னும் உலோகக் கட்டி செய்வது, இங்காட்டிலிருந்து சின்னச் சின்ன நகைகள். தாது கில்டுக்குள்ளேயே விற்கும் ஆளிடம் கிடைக்கும், காசு கொஞ்சம்தான் ஆகும். ஆனால் அதையே நம்பி நிற்காதீர்கள். கையோடு கையாக மைனர் கில்டிலும் சேர்ந்துவிடுங்கள், அதுவும் உல்டாவிலேயே இருக்கிறது. நகர வாயிலைத் தாண்டி மத்தியத் தானலானிலும் மேற்குத் தானலானிலும் பாறைகளை உடைத்தால் செம்பும் துத்தநாகமும் கிடைக்கும். பொன் வேலைக்கான உலோகமும் கல்லும் ஏறக்குறைய எல்லாமே மண்ணுக்குள்ளிருந்துதான் வருகின்றன, அதனால் இந்த இரண்டு தொழிலும் அண்ணன் தம்பி மாதிரி. மைனரை எப்போதும் கோல்ட்ஸ்மித்தை விட ஐந்து லெவலாவது மேலே வைத்திருங்கள், கை காயாது.

ஒவ்வொரு செய்முறைக்கும் தாது தவிர படிகச் சில்லுகள் வேண்டும், பொன் வேலைக்கு முக்கியமாகக் காற்றுச் சில்லு. இவை பெட்டியில் இடம் பிடிக்காது, தனியாக ஒவ்வொரு வகையும் 9,999 வரை சேரும். எங்கே பார்த்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் தாதுவைக் குவித்து வைத்துக்கொண்டு சில்லு இல்லாமல் நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உலோகங்களின் வரிசை ஏறக்குறைய இப்படி: செம்பு, பிறகு பித்தளை, வெள்ளி, மித்ரில், எலக்ட்ரம், அப்புறம் 50 பக்கம் ரோஸ் கோல்டு. மித்ரில் மட்டும் கற்பனை. மற்றவை எல்லாம் நிஜ உலகத்தில் இருப்பவை. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும் என்பது விளையாட்டிலும் அப்படியே. எலக்ட்ரம் என்பது பொன்னும் வெள்ளியும் இயற்கையாகவே கலந்து கிடைப்பது, ரோஸ் கோல்டின் சிவப்பு செம்பிலிருந்து வருவது. லெவல் ஏற ஏற ஓர் உலோகத்திலிருந்து அடுத்ததற்குப் போவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, ஐகானின் நிறம்கூட மாறிக்கொண்டே வரும்.

தட்டும் கணக்கு

இதுதான் இந்தக் கட்டுரையின் நடு. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் லெவல் 100 வரை இதே கணக்குதான், எண்கள் மட்டும் பெரிதாகும்.

செய்முறையைத் தொடங்கியதும் திரையில் மூன்று அளவுகள் தெரியும். புரோகிரஸ், வேலை எவ்வளவு முடிந்தது. குவாலிட்டி, வேலை எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. டியூரபிலிட்டி, பொருள் இன்னும் எத்தனை தட்டுத் தாங்கும். நான்காவதாக உங்களிடம் சிபி என்று ஒன்று, கைப்பக்குவத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆரம்பத்தில் அது 180. புரோகிரஸ் நிரம்பினால் பொருள் தயார். நிரம்பும் முன் டியூரபிலிட்டி பூஜ்யம் ஆகிவிட்டால் பொருள் உடைந்துபோகும், போட்ட தாதுவும் போயிற்று. இரண்டும் ஒரே தட்டில் நடந்தால், அதாவது கடைசித் தட்டில் டியூரபிலிட்டி தீர்ந்து புரோகிரஸும் நிரம்பினால், பொருள் தப்பித்துவிடும். இந்த விதி மிக முக்கியம்.

முதலில் உங்களிடம் இருப்பது பேசிக் சிந்தசிஸ், புரோகிரஸுக்கான தட்டு. இதற்கு சிபி தேவையில்லை, டியூரபிலிட்டியில் 10 எடுக்கும். லெவல் 5-இல் பேசிக் டச் வரும், குவாலிட்டிக்கான தட்டு. 18 சிபி, 10 டியூரபிலிட்டி. லெவல் 7-இல் மாஸ்டர்ஸ் மெண்ட், இது 88 சிபி வாங்கிக்கொண்டு டியூரபிலிட்டியில் 30 திருப்பித் தரும். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செய்முறையைப் போட்டுப் பார்ப்போம்.

டியூரபிலிட்டி 40, இரண்டு பேசிக் சிந்தசிஸில் புரோகிரஸ் நிரம்பும், கையில் 180 சிபி. சும்மா தட்டினால் மொத்தம் நான்கு தட்டு: இரண்டு தரத்துக்கு, இரண்டு முடிப்பதற்கு. இப்போது மெண்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். முதலில் மூன்று டச், 54 சிபி போயிற்று, டியூரபிலிட்டி 10-க்கு இறங்கியது. இந்த இடத்தில் மெண்ட், 88 சிபி, டியூரபிலிட்டி மறுபடி 40. அப்புறம் இன்னும் இரண்டு டச், 36 சிபி, டியூரபிலிட்டி 20. கடைசியில் இரண்டு சிந்தசிஸ், பொருள் தயார், டியூரபிலிட்டி சரியாகப் பூஜ்யம். செலவு 54, 88, 36, மொத்தம் 178. கையில் மிச்சம் 2. இரண்டு டச் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஐந்து டச். இந்தக் கணக்கை முதல்முதலாக நானே காகிதத்தில் போட்டு, தட்டி, அது அப்படியே வந்து நின்றபோது அடைந்த திருப்தி இன்னும் மறக்கவில்லை.

மெண்ட்டை எப்போது போடுவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். டியூரபிலிட்டி 20 இருக்கும்போது போட்டால் 50 ஆகாது, 40-க்கு மேல் ஏறாது, பத்து வீண். 10 வரும் வரை பொறுங்கள்.

லெவல் 11-இல் இன்னர் கொயட் தானாக வந்துவிடும். இதற்குப் பிறகு ஒவ்வொரு டச்சும் அடுத்த டச்சுக்குக் கொஞ்சம் வலு சேர்க்கும், பத்து அடுக்கு வரை. 15-இல் வேஸ்ட் நாட், நான்கு தட்டுக்கு டியூரபிலிட்டிச் செலவு பாதி. 21-இல் கிரேட் ஸ்ட்ரைட்ஸ், அடுத்த டச்சை இரட்டிப்பாக்கும். 26-இல் இன்னொவேஷன், நான்கு தட்டுக்குத் தரம் ஒன்றரை மடங்கு. 50-இல் பைரகோட்ஸ் பிளெஸ்ஸிங், சேர்த்து வைத்த இன்னர் கொயட் அடுக்குகளை எல்லாம் ஒரே டச்சில் கொட்டிவிடும். 50-க்கு மேல் யார் என்ன சுழற்சி சொன்னாலும் அதன் எலும்பு இதுதான்: நிறைய டச் போட்டு அடுக்கைச் சேர், இன்னொவேஷன், கிரேட் ஸ்ட்ரைட்ஸ், பைரகோட்ஸ், அப்புறம் சிந்தசிஸ் போட்டு முடி.

திரையில் ஒரு சின்ன உருண்டையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள். வெள்ளை என்றால் சாதாரணம். சிவந்து குட் என்று வந்தால் அந்தத் தட்டில் போடும் டச்சுக்கு ஒன்றரை மடங்கு. வானவில் மாதிரி எக்ஸலண்ட் வந்தால் நான்கு மடங்கு, அப்போது கையில் இருக்கும் பெரிய டச்சைப் போடுங்கள். அதற்கு அடுத்த தட்டு கட்டாயம் மங்கிப் பாதியாகும், அந்த நேரத்தில் டச் போடாமல் மெண்ட் மாதிரி ஏதாவது செய்துகொள்ளுங்கள்.

குவாலிட்டி பாதி நிரம்பினால் உயர்தரம், அதாவது ஹெச்க்யூ, கிடைக்கப் பாதி வாய்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாய்ப்பு ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஏறும், கடைசியில்தான் வேகமெடுக்கும். பாதி நிரப்பிவிட்டுச் சோழி உருட்டுவதை விட, இங்காட்டையே ஹெச்க்யூவாகச் செய்து வைத்துக்கொண்டு அதைப் போட்டு நகையை ஆரம்பியுங்கள், குவாலிட்டி பூஜ்யத்திலிருந்து இல்லாமல் மேலேயே தொடங்கும்.

இதை எல்லாம் தாதுவை வீணாக்காமல் பழக ஒரு வழி இருக்கிறது. கிராஃப்டிங் லாக் என்னும் செய்முறைப் பட்டியலில் டிரயல் சிந்தசிஸ் என்று ஒரு பொத்தான். அதில் எவ்வளவு தட்டினாலும் பொருள் செலவில்லை, உடைந்தாலும் நஷ்டமில்லை. நான் இது இருப்பது தெரியாமல், கஷ்டப்பட்டுச் சேர்த்த வெள்ளியை ஒரே இரவில் ஒன்பது முறை உடைத்தேன். நீங்கள் புதுச் செய்முறை எதையும் முதலில் டிரயல் சிந்தசிஸில் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

லெவல் ஏற்றுவது

ஒரே பொருளை நூறு முறை செய்துதான் ஏற வேண்டும் என்றில்லை, அப்படிச் செய்தால் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். லாக்கில் உள்ள ஒவ்வொரு பொருளையும் முதல்முறை செய்யும்போது தனியாகக் கூடுதல் எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, உண்டு. ஆக, ஒரு புது உலோகம் வந்தால் அதில் வரும் தோடு, மாலை, வளையல், மோதிரம் எல்லாவற்றிலும் ஒன்று ஒன்று செய்து பாருங்கள். குயிக் சிந்தசிஸ் என்று மொத்தமாகத் தட்டித் தள்ளும் வசதியும் இருக்கிறது, இங்காட் நிறைய வேண்டும்போது உதவும், எக்ஸ்பிக்கு அதை நம்ப வேண்டாம்.

பெரிய எக்ஸ்பி மூன்று இடத்திலிருந்து வரும். கில்டின் க்வெஸ்ட்டுகள், 50 வரை ஐந்து லெவலுக்கு ஒன்று, தவறவிடாதீர்கள். லீவ் என்று சொல்லும் ஒப்பந்த வேலைகள், 12 மணி நேரத்துக்கு 3 அனுமதி வீதம் 100 வரை சேரும். கேட்ட பொருளை ஹெச்க்யூவாகக் கொடுத்தால் கூலி இரட்டிப்பு, அதனால் தட்டும் கணக்கைப் பழகியது இங்கேதான் முதலில் காசாகிறது. மூன்றாவது, கதையில் கொஞ்சம் தாண்டி கிராண்ட் கம்பெனி என்னும் படையில் சேர்ந்த பிறகு அவர்கள் தினமும் ஒவ்வொரு தொழிலிடமும் ஒரு பொருள் கேட்பார்கள். இங்கேயும் ஹெச்க்யூ என்றால் இரட்டிப்பு, பட்டியலில் நட்சத்திரம் போட்டிருந்தால் இன்னும் அதிகம். நம் நேரப்படி இரவு 1:30-க்குப் பட்டியல் மாறும். நான் தூங்கப் போகும் முன் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மாலை வந்து அடுத்ததைக் கொடுப்பேன். தினமும் இது ஒன்றை மட்டும் செய்தால்கூட நிதானமாக ஏறிக்கொண்டே இருக்கும்.

சின்ன விஷயங்கள்: எந்த உணவைச் சாப்பிட்டாலும் அரை மணி நேரத்துக்கு எக்ஸ்பி 3 சதவீதம் கூடும், மலிவானது போதும். ஊருக்குள் நின்று லாக்-அவுட் செய்தால் ஓய்வுக் கணக்கு சேர்ந்து அடுத்த நாள் 50 சதவீதம் கூடுதலாக வரும். கருவியை மட்டும் பழையதாக வைத்திருக்காதீர்கள், ஐந்து லெவலுக்கு ஒருமுறையாவது சுத்தியலை மாற்றுங்கள், மற்ற உடைகள் கொஞ்சம் பின்தங்கினாலும் சமாளிக்கலாம்.

பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். பைரகோட்ஸ் பிளெஸ்ஸிங் வேண்டுமானால் தச்சு வேலையை 50 வரை ஏற்று என்று அவற்றில் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். 2019-இல் ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கம் வந்த சமயத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டுத் தொழிலுக்கும் ஒரே திறமைகள்தான், தட்டித் தட்டியே எல்லாம் வந்துவிடும்.

கல் வேலை

எனக்குப் பிடித்த பகுதி இது. பாறையிலிருந்து எடுக்கும் கல் பட்டை தீட்டாமல்தான் வரும், மாலகைட்டோ லாபிஸ் லசூலியோ எதுவாக இருந்தாலும். சாணையில் வைத்துத் தீட்டினால்தான் அது நகைக்கு ஆகும். ஆக ஒரு வெள்ளி மோதிரத்துக்கு இரண்டு பாதை, ஒருபுறம் தாது இங்காட்டாகிறது, மறுபுறம் முரட்டுக் கல் பளபளப்பாகிறது, இரண்டும் கடைசியில் சேர்கின்றன. மேலே போகப் போக கார்னெட், அமெதிஸ்ட், பெரிடாட் வரும். இன்னும் மேலே மாணிக்கம், நீலம், மரகதம், புஷ்பராகம், வைரம் என்று நம் வீட்டு நவரத்தினத் தோட்டில் இருக்கும் பெயர்களே வந்துவிடும். மைனராகக் கல் எடுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள், விற்றுவிடாதீர்கள். பெட்டியில் 140 இடம்தான், அது எனக்கும் தெரியும், ஆனாலும் கல்லுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள்.

விற்பது, பழுது பார்ப்பது

முழுக் கணக்குக்கு வந்த பிறகு மார்க்கெட் போர்டு திறக்கும், ரிடெய்னர் என்னும் வேலையாட்கள் இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம், ஒருவர் 20 பொருள் வரை கடை போடுவார். என்ன விற்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போர்டில் இப்போது எழுதியிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்பனை வரலாற்றைப் பாருங்கள். விலை யார் வேண்டுமானாலும் போடலாம், வரலாற்றில் இருப்பதுதான் யாரோ காசு கொடுத்து வாங்கியது. ஒரு தோடு பத்து லட்சம் என்று நிற்கும், கடைசியாக விற்றது மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் அதைச் செய்து பயனில்லை. லெவல் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கான ஹெச்க்யூ நகைகளும், மற்ற கைவினைக்காரர்கள் அவசரத்துக்கு வாங்கும் இங்காட்டும் தீட்டிய கல்லும், பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகவே வாங்கப்படும் தோடுகளும் நிதானமாக நகரும்.

பழுது பார்ப்பதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. போட்டிருக்கும் நகையும் உடையும் தேய்ந்துகொண்டே வரும். ஊரில் இருக்கும் ஆளிடம் கொடுத்தால் 100 சதவீதம் வரைதான் சரி செய்வார், காசும் வாங்குவார். நீங்களே கோல்ட்ஸ்மித்தாக இருந்து, உங்கள் லெவல் அந்த நகையின் லெவலுக்குப் பத்துக்குள் இருந்தால், டார்க் மேட்டர் என்னும் பழுது பார்க்கும் பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு டன்ஜன் நடுவிலேயே சரி செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் 199 வரை ஏறும், இரண்டு மடங்கு நாள் உழைக்கும்.

வேறு விளையாட்டில் இருக்கிறீர்கள் என்றாலும் இந்த ஆசைக்கு இடம் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2007-இல் பர்னிங் குருசேடுடன் ஜுவல்கிராஃப்டிங் வந்தது. அங்கே ஐந்து தாதுவை மொத்தமாகச் சலித்துப் பார்த்தால் உள்ளே என்ன கல் இருக்கும் என்பது அதிர்ஷ்டம், தீட்டிய கல்லை மற்றவர்களின் கவசத்திலும் பதிக்கலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2018-இல் சம்மர்செட்டுடன் நகைத் தொழில் சேர்ந்தது. இரண்டும் நல்லவை. தட்டு ஒவ்வொன்றையும் யோசித்துத் தட்டும் அந்த நிதானம் மட்டும் எனக்கு ஃபைனல் ஃபேண்டசி 14-இல்தான் கிடைத்தது.

இன்றைக்கு ஆரம்பிப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள். சுத்தியலை வாங்கி, செம்பில் 5 வரை போங்கள், 7-இல் மெண்ட் வந்ததும் மேலே சொன்ன 178 கணக்கை டிரயல் சிந்தசிஸில் இரண்டு முறை போட்டுப் பாருங்கள், மூன்றாவது முறை நிஜமாகத் தட்டி ஒரு ஹெச்க்யூ எடுங்கள். முழுக் கணக்கு என்றால் அந்த நகையை வைத்திருங்கள். உல்டா வாயிலில் சற்று நேரம் நின்றால் காதில் ஒன்றுமில்லாமல் புதிதாக ஒருவர் ஓடி வருவார். அவரும் முழுக் கணக்கில் இருந்தால், அவரைக் கிளிக் செய்து டிரேட் என்று கொடுங்கள்.